26.95 கிராம்

வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது
நூற்றெண்பது வெள்ளி கொடுத்து நான் வாங்கிய
வெள்ளியே இல்லாத ஒரு வெள்ளி.

செருப்பு அடுக்கின் மேல்
பக்கத்து வீட்டு ஃபூன் அம்மாவின்
பாண்டான் இலைத் தொட்டிக்குப் பின்னால்
பத்திரமாக மறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தான்
பொட்டலம் கொண்டுவந்தவன்,
யாரும் திருடிவிடக் கூடாதென்று.

மன்னர் வெளியே வந்தார்.
முடி, தாடி, 1903.
பின்பக்கம் சீனத்தில் ஒரு வெள்ளி,
ஜாவியில் ஒரு வெள்ளி,
இரண்டு எழுத்திலும் ஒரே பொய்.
மேசையில் தட்டினேன்.
மணிச்சத்தம் எதிர்பார்த்த காதில்
கரண்டி விழுந்த சத்தம்.

நிலோஃபர் கேக் மாவு நிறுக்கும் தராசு
23.1 என்றது.
தட்டில் மாவு ஒட்டியிருந்தது. துடைத்தேன்.
23.0.

இருக்க வேண்டியது 26.95.
வாங்கும் முன்பே எனக்கு அது தெரியும்.
வெட்கம் அதில்தான்.

இரவுப்பணி முடிந்த பேருந்தில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
"ஒன்றே ஒன்றுதான் மிச்சம்" என்று
சிவப்பில் துடித்ததைப் படித்தவன்
ஏழு வெற்று வரிகளுக்குக் கீழே
எறும்பளவில் கிடந்ததைப் படிக்கவில்லை:
"படம் மாதிரிக்கு மட்டும்."
அரிது என்று நான்கு இடத்தில் போட்டிருந்தது.
எடை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
விளிம்பு தெரிய ஒரு படம் கேட்டிருக்கலாம்.
கேட்கிற நேரத்தில் வேறு யாரோ
தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம்.
அந்தப் பயத்துக்குத்தான் நூற்றெண்பது.
காசு இலவசம்.

சனிக்கிழமை முழுக்க
படத்திலிருந்த கட்டைவிரலைத் தேடினேன்.
நகத்தின் குறுக்கே வெள்ளைத் தழும்பு.
ஜூரோங்கில் வீடு காலி செய்யும் ஒருவர்,
பிடோக்கில் ஒரு பெண்,
இறந்துபோன கப்பல் கேப்டனின் ஒரே மகன்,
மூவருக்கும் அதே விரல்.
மூவரின் மன்னருக்கும்
காதருகே அதே கீறல்.

காசின் நல்லது கெட்டது பார்ப்பவனை
வண்ணக்கன் என்பார்கள் பழைய தமிழில்.
உரசியிருப்பான், சுண்டியிருப்பான்,
பல்லில்கூடக் கடித்திருப்பான்.
கண்ணாடித் திரையை வருடும் விரலுக்கு
எல்லாக் காசும் ஒரே வழவழப்பு.

பணம் கேட்டு எழுதினேன்.
திங்களன்று விற்றவனின் பெயரே அங்கில்லை.

ஆகவே நானும் விற்க உட்கார்ந்தேன்.
கை தானாகவே எழுதியது:
"பழைய சேகரிப்பிலிருந்து..."
பொய்யில்லையே,
போன வெள்ளிக்கிழமையும் பழசுதானே.
நிலோஃபர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
தராசை எடுத்துப்போய்
சவர்க்காரம் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்,
கொஞ்சம் அதிகமாகவே.

அழித்துவிட்டு எழுதினேன்:
போலி. 23 கிராம். காந்தம் இழுக்கும்.
படத்தில் இருப்பதேதான் வரும்.
விரல் என்னுடையது.
இரண்டு வெள்ளி.

ஐந்து நாள் ஒருவரும் சீண்டவில்லை.
ஆறாம் நாள் ஒரு கேள்வி:
"நிச்சயமாகப் போலிதானா?
போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள்."
போன முறை என்ன ஆயிற்று என்று
நான் கேட்கவில்லை.
விளிம்பைப் படம் கேட்டான். அனுப்பினேன்.
தராசோடு சேர்த்துக் கேட்டான்.
அனுப்பினேன்.
நான் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம்
வரிசையாகக் கேட்டான்.

ஈசூன் ரயில் நிலையம்.
கட்டணம் மிச்சம் பிடிக்கத்
தடுப்புக்கு உள்ளேயே நின்றான் ஹைகல்,
தோளில் பாலிடெக்னிக் பை.
பைக்குள் கைவிட்டுக்
கறுப்புக் காந்தம் ஒன்றை எடுத்தான்.
மன்னர் ஒரு தாவலில் போய் ஒட்டிக்கொண்டார்.
அப்பாடா என்று சிரித்தான்.

பிறகு, அதே காந்தத்தின் மறுபக்கம்
முன்பே ஒட்டிக்கிடந்த
இரண்டு ஒரு வெள்ளிக் காசுகளைப் பிய்த்தெடுத்துத்
தடுப்புக்கு மேலாக நீட்டினான்.

நல்ல காசுதான்.
வீட்டுக்கு வந்து
நிறுத்துப் பார்த்தேன்.